நீலக் கண் பொம்மைகள் - மரத்தூளில் செய்த தூதுவர்கள்

12,739. அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு 1927-ல் நட்புத் தூதாகக் கப்பலேறிய பொம்மைகளின் எண்ணிக்கை இது. அவற்றில் இன்று மிச்சம் இருப்பதாகத் தெரிபவை முந்நூற்றுச் சொச்சம்தான். மற்றவற்றில் பல எரிக்கப்பட்டன. சில மூங்கில் ஈட்டியால் குத்திக் கிழிக்கப்பட்டன. சில குண்டுவீச்சில் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து சாம்பலாயின.

ஒரு விளையாட்டுப் பொம்மை மேல் இவ்வளவு கோபமா? இதைப் புரிந்துகொள்ள 1924-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் யாரும் இனி குடியேற முடியாது என்றது சட்டம். ஜப்பானியர் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் ஜப்பானியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1922-லேயே ஒசாவா வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே சட்டம் யாரைக் குறிவைத்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. (இந்தியர்களுக்கும் இதே கதிதான். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் அவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது.) ஜப்பானில் இதை தேசத்துக்கு நேர்ந்த அவமானமாகவே பார்த்தார்கள்.

சிட்னி குலிக் என்ற பாதிரியார் இதைப் பார்த்து வருந்தியவர்களில் ஒருவர். 1888 முதல் 1913 வரை ஜப்பானில் வாழ்ந்தவர், அந்த மொழி தெரிந்தவர். சட்டத்தை எதிர்த்து எவ்வளவோ பேசியும் எழுதியும் பார்த்தார். பலிக்கவில்லை. பெரியவர்களிடம் பேசிப் பயனில்லை, குழந்தைகளிடமிருந்து தொடங்குவோம் என்று முடிவு செய்தார். ஜப்பானில் மார்ச் 3 ஹினமத்சூரி, அதாவது பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். நம் ஊர் நவராத்திரிக் கொலு போலப் படிகட்டிச் சிவப்புத் துணி விரித்து பொம்மை வைப்பார்கள். அந்த நாளுக்கு அமெரிக்கக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்குப் பொம்மை அனுப்பினால் என்ன? பள்ளிகள், தேவாலயங்கள், சிறுமியர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. பொம்மை புதியதாக இருக்க வேண்டும், ஒரு சாதாரண அமெரிக்கச் சிறுமி போல நேர்த்தியாக உடுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உடையைப் பெரும்பாலும் சிறுமிகளும் அவர்களுடைய அம்மாக்களும் தைத்தார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், ஒரு கடிதம், நிஜம் போலவே அச்சடித்த ஒரு பாஸ்போர்ட், ஒரு கப்பல் டிக்கெட்!

அனுப்பிய பொம்மைகளில் பெரும்பாலானவை 'கம்போசிஷன்' பொம்மைகள். கதையின் பிற்பாதி முழுக்க இந்தப் பொருளைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால் அது என்ன என்று கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல பொம்மை என்றால் அது ஜெர்மனியில் செய்தது, தலை பிஸ்க் என்ற மெருகிடாத பீங்கான். பார்க்க அழகு. கீழே விழுந்தால் அன்றோடு சரி. அமெரிக்காவில் 1890-களில் புரூக்ளினில் சாலமன் ஹாஃப்மன் என்ற ரஷ்யக் குடியேறி, பீங்கானுக்குப் பதிலாகப் பசைக்கலவையில் தலை செய்து விற்க ஆரம்பித்தார். 'உடைக்கவே முடியாது' என்பதுதான் அந்தப் பொம்மையின் பெயரே! அவருக்குப் பின் அந்த வழிமுறை ஹார்ஸ்மன் என்ற பெரிய பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போனது. கலவையில் என்னென்ன, எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரகசியமாகவும் வைத்திருந்தார்கள். அடிப்படை ஒன்றுதான்: மரத்தூள், தச்சர்கள் வைத்திருப்பார்களே அந்த வஜ்ஜிரப் பசை, அதோடு மாவு, பிசின் போன்றவை. இதை அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, இரண்டு பாதிகளை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தோல் நிறப் பெயிண்டில் முக்கி எடுப்பார்கள். பிறகு கன்னத்துக்கும் உதட்டுக்கும் சாயம். நம் ஊர்க் காகிதக்கூழ் பொம்மைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

முதல் உலகப்போரில் பிரிட்டன் ஜெர்மனியின் கடல்வழியை அடைத்தது. ஜெர்மன் பொம்மை வரத்து நின்றது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அடித்தது யோகம். 1920-களில் வீட்டுக்கு வீடு இருந்தது 'மாமா' பொம்மை. தலையும் கை கால்களும் கம்போசிஷன், உடம்பு மட்டும் பஞ்சு அடைத்த துணி. வயிற்றுக்குள் ஒரு சின்ன ஊதுபெட்டி. சாய்த்தால் அம்மாவைக் கூப்பிடும். படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். பசிபிக் கடலைத் தாண்டிப் போகும் தூதுவருக்கு உடையாத தலை வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் இதைவிட்டால் வேறு பொருத்தமான தேர்வு இருந்திருக்காது.

பொம்மைகள் 1927 ஜனவரி முதல் ஜப்பானில் வந்து இறங்கின. அவற்றை வரவேற்கும் வேலையை முன்னின்று நடத்தியவர் ஷிபுசாவா ஏய்ச்சி. எண்பது வயதைத் தாண்டிய தொழிலதிபர், ஜப்பானின் நவீன வங்கித்துறைக்கு அடித்தளம் போட்டவர். (2024-ல் வெளியான புதிய 10,000 யென் நோட்டில் இருப்பது இவர் முகம்தான்.) டோக்கியோவில் மார்ச் 3 அன்று பெரிய விழா நடந்தது. பிறகு பொம்மைகள் நாடெங்கும் உள்ள மழலையர் பள்ளிகளுக்கும் தொடக்கப்பள்ளிகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டன.

ஜப்பானியர்கள் அவற்றை 'நீலக் கண் பொம்மைகள்' என்றே அழைத்தார்கள். 1921-ல் நொகுச்சி உஜோ எழுதிய ஒரு குழந்தைப் பாட்டு அப்போது எல்லாருக்கும் மனப்பாடம். அமெரிக்காவிலிருந்து வந்த நீலக் கண் பொம்மையைப் பற்றிய பாட்டு அது. அதிலிருந்து வந்த பெயர். வேடிக்கை என்னவென்றால் பாட்டில் வரும் பொம்மை செல்லுலாய்டு. நிஜத்தில் வந்தவை பெரும்பாலும் மரத்தூள்!

வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஜப்பான் பதில் மரியாதை செய்தது. பள்ளிச் சிறுமிகள் லட்சக்கணக்கில் ஆளுக்கு ஒரு சென் (யென்னில் நூறில் ஒரு பங்கு) போட்டார்கள். அந்தப் பணத்தில் 58 பொம்மைகள் செய்யப்பட்டன. 47 மாநிலங்களுக்கு ஒவ்வொன்று, ஆறு பெருநகரங்களுக்கு ஆறு, அன்று ஜப்பான் வசம் இருந்த கொரியா, தைவான், கராஃபுத்தோ, குவாந்துங் பகுதிகளுக்கு நான்கு, தேசம் முழுவதற்குமாக 'மிஸ் ஜப்பான்' ஒன்று. இவை விளையாட்டுப் பொம்மைகள் இல்லை. இச்சிமாத்சு வகை, 80 செ.மீ.க்கும் அதிக உயரம், பட்டுக் கிமோனோ, நிஜத் தலைமுடி, கூடவே குட்டி அலமாரி, விளக்கு, தேநீர்ப் பாத்திரங்கள். அன்றைய தலைசிறந்த பொம்மைக் கலைஞர்கள் செய்தவை. அவர்களில் ஒருவரான ஹிராத்தா கோயோவை ஜப்பான் அரசு 1955-ல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது.

இத்தனை கம்பீரமான பொம்மைகளின் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? அதே மரத்தூள்தான். கிரி மரத்தின் தூளைக் கோதுமைப் பசையில் பிசைந்து அச்சில் எடுப்பது ஜப்பானிய முறை. மேலே பெயிண்டுக்குப் பதில் 'கோஃபுன்' என்ற சிப்பி ஓட்டுப் பொடியைப் பசையில் குழைத்துப் பல அடுக்குகளாகப் பூசி மெருகேற்றுவார்கள். இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டது ஏறக்குறைய ஒரே பொருளைத்தான். ஒருவருடையது மூன்று டாலர் விலையில் கிடைக்கும் கடைச்சரக்கு, மற்றவருடையது கலைப்பொருள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் மாறவில்லை. அது 1952 வரை அப்படியே இருந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர். போர் முற்ற முற்ற, பள்ளியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நீலக் கண் பொம்மை 'எதிரிப் பொம்மை' ஆனது. 1943-ல் பத்திரிகைகளிலேயே அதை ஒழிப்பது பற்றி எழுதினார்கள். பல பள்ளிகளில் மாணவர்கள் முன்னாலேயே பொம்மைகளை எரித்தார்கள். எந்தக் குழந்தைகள் அதற்கு வரவேற்புப் பாட்டுப் பாடினார்களோ, அவர்களின் தம்பி தங்கைகள் அதைக் குத்துவதற்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. சில ஆசிரியர்கள் பொம்மையை இரவோடு இரவாக எடுத்துப் பரணிலும், சாமான் அறையிலும், அலமாரிக்குப் பின்னாலும் ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டால் தேசத்துரோகி என்ற பட்டம் வரும் காலம் அது. மூன்று டாலர் பொம்மைக்காக! போர் முடிந்த பிறகும் பலர் வாய் திறக்கவில்லை. குலிக் 1945 டிசம்பரில் இறந்தார். தான் அனுப்பியவற்றில் எத்தனை பிழைத்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1973-ல் என்.எச்.கே. தொலைக்காட்சி இந்தப் பொம்மைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதற்குப் பிறகுதான் ஆங்காங்கே பரண்களிலிருந்து பொம்மைகள் வெளியே வரத் தொடங்கின. அடுத்த கேள்வி அப்போதுதான் எழுந்தது. பழைய பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற மேற்கத்திய பொம்மை எல்லாம் 1927-ல் வந்ததுதானா?

பாஸ்போர்ட்டும் கடிதமும் கூடவே இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒளித்து வைத்தவர்கள் காகிதத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சில சமயம் காகிதம்தான் முதலில் எரிந்தது. அப்போது பொம்மையைத் திருப்பிப் பார்ப்பதுதான் வழி. கம்போசிஷன் பொம்மைகளில் கம்பெனி முத்திரை பின்கழுத்திலோ, தோள்பட்டைத் தகட்டின் பின்புறமோ அச்சிலேயே பதிந்திருக்கும். ஹார்ஸ்மன் என்றால் உரிமையாளர் பெயரின் முதலெழுத்துகள். எஃபன்பீ கம்பெனி (ஃப்ளைஷேக்கர், பாம் என்ற இரு பங்குதாரர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்த பெயர்) என்றால் முழுப் பெயர். அவர்களின் 'ரோஸ்மேரி' பொம்மையில் நடக்கும், பேசும், தூங்கும் என்று மூன்று திறமைகளையும் முத்திரைக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள்! முத்திரையே இல்லாத பொம்மைகளும் ஏராளம். ஒரு கம்பெனியின் முகம் நன்றாக விற்றால் அதேபோல் முகம் செய்து பெயர் போடாமல் விற்கிற கம்பெனிகள் அப்போதே இருந்தன. அப்படிப்பட்ட பொம்மைக்கு கண் தகரமா கண்ணாடியா, வாய் மூடியிருக்கிறதா பல் தெரிகிறதா, தலைமுடி மோஹேர் ஆட்டு ரோமமா, அச்சில் வார்த்ததா, உடம்பின் துணியும் தையலும் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மிக முக்கியமான சாட்சி உடை. கடையில் வாங்கிய பொம்மை ஆயிரக்கணக்கில் ஒன்று. ஒரு சிறுமி கையால் தைத்த கவுன் உலகத்தில் ஒன்றே ஒன்று. இதனால்தான் அழுக்குப் பிடித்த பழைய கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு புது உடை மாட்டுவது, சேகரிப்பாளர்கள் செய்யும் தவறுகளிலேயே திருத்த முடியாத தவறு.

அடையாளம் தெரிந்தாயிற்று. இனி பழுது பார்ப்பது.

'உடைக்கவே முடியாது' என்ற விளம்பரம் ஒரு வகையில் உண்மைதான். விழுந்தால் தூள் தூளாகாது. ஆனால் இந்தப் பொம்மையின் எதிரி தரை இல்லை, காற்று. மழைக்காலத்தில் மரத்தூள் ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும், வறண்ட காலத்தில் சுருங்கும். மேலே இருக்கும் பெயிண்ட் அதோடு சேர்ந்து நீளவோ குறுகவோ செய்யாது. வருடா வருடம் இந்த இழுபறி நடந்தால் முகம் முழுக்க மயிரிழை விரிசல் ஓடும். பிறகு பெயிண்ட் செதில் செதிலாக எழும்பும், கடைசியில் உதிரும். ஜூன் மாதம் முழுக்க மழை ஊற்றும் ஜப்பானில், காற்றோட்டமே இல்லாத பரணில் முப்பது வருடம் கிடந்த பொம்மை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். கண்களும் மங்கிவிடும். கண்ணில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் தெளிந்துவிடும் என்று ஒரு கைவைத்தியம் சேகரிப்பாளர்களிடையே உண்டு. தெளியும்தான். பிறகு அந்த எண்ணெய் உள்ளே இறங்கி மரத்தூளில் ஊறி, கண்ணைச் சுற்றியுள்ள பெயிண்டையும் கிளப்பிவிடும்.

தண்ணீர் கூடவே கூடாது. பசை கரைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம். மேற்கொண்டு சுத்தம் செய்ய வேண்டுமானால் முதலில் விக்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துவிட்டு, பஞ்சுக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். எழும்பி நிற்கும் செதிலை ஒட்டி அமர்த்தலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். வெயில் படாத, ஈரம் ஏறி இறங்காத இடம்தான் உண்மையான மருந்து. இதுவரைக்கும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சண்டை வருவது அடுத்த படியில். விரிசலைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, முகத்துக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாமா? அடித்தால் பொம்மை 1927-ல் கடையில் இருந்ததுபோல் பளபளக்கும். ஆனால் அந்தக் கன்னச் சிவப்பும் இமை மயிரும் தொழிற்சாலையில் யாரோ கையால் போட்டவை. ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்பி வராது. விற்பனைக்கான பொம்மையில் முழு மறுபூச்சு விலையைக் குறைத்துவிடும் என்று பெரும்பாலான சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். (புற ஊதா விளக்கில் பார்த்தால் புதுப் பெயிண்ட் பெரும்பாலும் தனியாகத் தெரிந்துவிடும், ஏமாற்றுவதும் சுலபமில்லை.) நீலக் கண் பொம்மைகள் விஷயத்தில் விலை ஒரு பிரச்சினையே இல்லை, இவை பள்ளிகளின் சொத்து. இங்கே கேள்வி வேறு. பரணில் கிடந்ததால் வந்த விரிசல், ஒரு ஆசிரியர் அதைப் பரணில் வைத்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்றாக இருக்கலாம். அதைப் பட்டி வைத்து மறைத்துவிட்டால் குழந்தைகளுக்குக் காட்ட அழகான பொம்மை கிடைக்கும், என்ன நடந்தது என்று காட்ட எதுவும் இருக்காது. உதிர்வதை நிறுத்துவதோடு கையைக் கட்டிக்கொள்வதே நியாயம் என்று தோன்றுகிறது. ஆனால் பாதி முகம் உதிர்ந்த பொம்மையைக் கண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அலறினால் அந்தத் தலைமையாசிரியர் என்ன செய்வார் என்பதும் நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவுக்குப் போன 58 பொம்மைகளின் சிக்கல் இன்னும் விசித்திரமானது. அவற்றை யாரும் குத்தவில்லை. ஆனால் பெயரைத் தொலைத்துவிட்டார்கள்! 1927 நவம்பரில் போய்ச் சேர்ந்த அவை ஊர் ஊராகச் சுற்றுலா அழைத்துச் செல்லப்பட்டன. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியைத் திறப்பது, மேடையில் நிறுத்துவது, மறுபடி கட்டுவது. பெயர்ப்பலகையோடு கூடிய பீடம் ஒரு பொம்மைக்கு, பொம்மை வேறு பீடத்துக்கு, தேநீர்ப் பாத்திரம் மூன்றாவது பெட்டிக்கு என்று கலந்துபோயின. சுற்றுலா முடிந்து வெவ்வேறு மாநிலங்களின் அருங்காட்சியகங்களுக்குப் போனபோது பல பொம்மைகள் அடுத்தவரின் பெயரோடு போய்ச் சேர்ந்தன. போர்க்காலத்தில் பெரும்பாலானவை கிடங்குக்குள் போயின. சில விற்கப்பட்டுத் தனியார் கைக்குப் போயின.

1970-களுக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் 1927-ல் ஜப்பானில் எடுத்த புகைப்படங்களை வைத்து ஒப்பிட ஆரம்பித்தார்கள். கிமோனோவின் பூவேலை எந்த இடத்தில் மடிகிறது, தோளில் உள்ள குலச்சின்னம் எது, முகத்தின் வாகு எப்படி என்று. கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, ஆனால் கையால் வரைந்த பூவேலை ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பழுது பார்க்கவும் பல பொம்மைகள் டோக்கியோவுக்கே போய்வந்தன. 1711-ல் தொடங்கி இன்றும் நடக்கும் யோஷித்தோக்கு என்ற பொம்மைக்கடைதான் 1927-லும் இந்த வேலையில் பெரும்பங்கு வகித்தது. அதன் பழைய படங்களும் கைவேலையும் இப்போதும் கைகொடுத்தன. பழுது முடிந்ததும் எந்த மாநிலத்தின் பெயரைத் தாங்குகிறதோ அந்த ஊருக்கு எடுத்துப்போய் 'பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள்' என்று கண்காட்சி வைப்பது வழக்கமானது.

சங்கடம் அங்கேதான். ஒரு அமெரிக்க நகரம் எண்பது வருடமாக ஒரு பெயரில் கூப்பிட்டுப் பழகிய பொம்மை உண்மையில் வேறு மாநிலத்துக்காரி என்று புகைப்படம் சொல்கிறது. சரியான பெயரை மாற்றி எழுதினால், பழைய பெயருக்குரிய மாநிலத்திலிருந்து கடல் கடந்து பார்க்க வந்தவர்கள் 'எங்கள் பொம்மை எங்கே' என்று கேட்பார்கள். அதற்கும் பதில் தேட வேண்டும், அது இன்னொரு அருங்காட்சியகத்தில் மூன்றாவது பெயரில் நின்றுகொண்டிருக்கலாம். மிஸ் ஜப்பான் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் பத்திரமாக இருக்கிறாள். 58-ல் சில பொம்மைகள் இன்னும் கிடைக்கவே இல்லை.

குலிக்கின் பேரன் 1980-களில் மறுபடியும் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் பொம்மை அனுப்பத் தொடங்கினார், பாஸ்போர்ட்டோடு. அவை பிளாஸ்டிக் யுகத்துப் பொம்மைகள், விரிசல் பயம் இல்லை. பழைய மரத்தூள் பொம்மை பிழைத்திருக்கும் பள்ளிகளில், மார்ச் 3 வந்தால் அவளைக் கண்ணாடிப் பெட்டியோடு எடுத்துவந்து ஹினா பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். வெளியே எடுத்துத் தொட அனுமதி இல்லை. வயிற்றில் இருக்கும் ஊதுபெட்டி இன்னும் வேலை செய்கிறதா என்று சாய்த்துப் பார்க்க ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள்.